பேரத்தில் ஐந்தாவது ஆள்

சொந்த ஊரை விட்டுப் பிழைப்பு நாடி மும்பைக்கோ, தில்லிக்கோ, கொல்கத்தாவுக்கோ வந்து சேரும் ஒருவர் முதல் மாதத்தில் செய்யும் காரியங்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். முன்பின் அறியாத ஒருவரிடம் முன்பணம் கொடுத்து வீடு பிடிக்கிறார். முப்பது நாள் உழைத்தால் சம்பளம் கைக்கு வரும் என்று நம்பி வேலைக்குப் போகிறார். பெயர் தெரியாத ஒரு குமாஸ்தாவிடம் பணத்தைக் கட்டி, ஊரிலிருக்கும் தாயாருக்கு அனுப்புகிறார். ஊரில் இருந்த வரையில் அவருடைய நாணயத்துக்கு உற்றார் சாட்சி. அவரிடம் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுடைய நாணயத்துக்கு ஊரே சாட்சி. இங்கே சாட்சி யார்? கையெழுத்திட்ட ஒரு காகிதம். அதைச் செல்லுபடியாக்கும் சட்டம். அந்தச் சட்டத்தைத் தாங்கி நிற்கும் அரசு. இம்மூன்றும் இல்லையேல் அந்நிய ஊரில் ஒரு மாத வாழ்க்கையும் நடவாது. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இவ்வுண்மையை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் பொருளாதாரத்தைப் பற்றி வாதம் எழுந்தால் இதனை மறந்துவிடுகிறோம். முதலாளித்துவமா, சமதர்மமா என்று இரு கட்சி கட்டுகிறோம். சந்தையைத் தன் போக்கில் விட்டுவிட்டு அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. சந்தையை அகற்றிவிட்டு அரசே யாவற்றையும் நடத்த வேண்டும் என்கிறது மற்றொரு கட்சி. இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தாலும், ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் உடன்பாடு உண்டு. சந்தை வேறு, அரசு வேறு. ஒன்று வளர்ந்தால் மற்றொன்று தேயும் என்பதே அவ்வுடன்பாடு. அது சரிதானா என்று கேட்ட பொருளியல் அறிஞர் சிலர் உண்டு. அவர்களுடைய துறைக்கு நிறுவனப் பொருளியல் என்று பெயர்.

நிறுவனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் ஒரு கம்பெனியோ, பெயர்ப்பலகை மாட்டிய ஒரு கட்டடமோ நம் நினைவுக்கு வரலாம். இவ்வறிஞர் கருதியது அதுவன்று. பலர் கூடி வாழும் இடத்தில் நிலைபெற்றுவிட்ட ஒழுங்குமுறை எதுவும் அவர்களுக்கு நிறுவனமே. சொத்துரிமை ஒரு நிறுவனம். வாரிசுமுறை ஒரு நிறுவனம். எடையும் அளவும், கடனும் வட்டியும், கூலி பேசும் வழக்கமும் நிறுவனங்களே. அமெரிக்காவில் தோர்ஸ்டைன் வெப்லன் இச்சிந்தனைக்கு வித்திட்டார். வால்டன் ஹாமில்டன் 1918-ஆம் ஆண்டு இறுதியில், பொருளியலாளர் கூட்டமொன்றில் இத்துறையின் பெயரை முன்மொழிந்தார். சட்டத்தையும் பொருளியலையும் ஒன்றாகப் பிணைத்து ஆராய்ந்த பெருமை ஜான் ஆர். காமன்ஸ் என்பவரைச் சேரும்.

காமன்ஸ் 1862-இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர். விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். பிற பொருளியலாளர் விலைப்பட்டியலைப் புரட்டிய காலத்தில் அவர் நீதிமன்றத் தீர்ப்புகளைப் புரட்டினார். அவ்வுழைப்பின் பயனாக 1924-இல் வெளிவந்ததே முதலாளித்துவத்தின் சட்ட அடிப்படைகளைப் பற்றிய அவருடைய நூல். அதில் அவர் ஓர் எளிய கேள்வியை எழுப்புகிறார். ஒரு பேரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், ஆக இருவர் என்போம். காமன்ஸ் ஐவர் என்கிறார். இவரிடம் கட்டுப்படியாகாவிட்டால் வாங்குபவர் நாடிச் செல்லக்கூடிய இன்னொரு விற்பனையாளர் மூன்றாமவர். விற்பவர் நாடக்கூடிய இன்னொரு வாடிக்கையாளர் நான்காமவர். இவ்விருவர் பக்கத்தில் இருப்பதால்தான் பேரம் பேரமாக இருக்கிறது. ஐந்தாமவர் யார்? பிணக்கு நேர்ந்தால் தீர்ப்புச் சொல்லக்கூடிய நீதிபதி. அவர் பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் அவர் என்ன சொல்லக்கூடும் என்ற எண்ணமே மற்ற நால்வரையும் நடத்துகிறது.

இந்த ஐந்தாவது ஆளைக் கண்ணெதிரே காண வேண்டுமாயின், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய சிகாகோ நகருக்குச் செல்ல வேண்டும். அமெரிக்காவின் மேற்குச் சமவெளிகளில் விளைந்த கோதுமை இரயிலேறி அந்நகரில் வந்து குவியும். அங்கிருந்து கப்பலிலும் இரயிலிலும் கிழக்கே போகும். இடையில் அதனைச் சேமித்து வைக்க மாபெரும் தானியக் களஞ்சியங்கள் இருந்தன. 1874-இல் அவற்றின் தொகை 14. அவற்றைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த வணிகக் கூட்டுகள் 9. இவர்கள் ஆண்டுதோறும் தமக்குள் பேசிச் சேமிப்புக் கூலியை நிர்ணயித்துப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உழவனுக்கு வேறு வழி இல்லை. காமன்ஸ் கூறும் மூன்றாவது ஆள் அங்கே இல்லாமற் போய்விட்டார்.

இல்லினாய் மாநிலச் சட்டசபை 1871-இல் இக்கூலிக்கு ஓர் உச்சவரம்பு விதித்தது. முதல் முப்பது நாட்களுக்கு ஒரு புஷல் தானியத்துக்கு 2 செண்டுக்கு மேல் வாங்கலாகாது என்றது. மன், ஸ்காட் என்ற இரு பங்காளிகள் இதனை எதிர்த்து வழக்காடினார்கள். களஞ்சியம் எங்கள் சொத்து, அதற்கு நாங்கள் கேட்கும் கூலியை அரசு எப்படிக் குறைக்கலாம் என்பது அவர்கள் வாதம். 1877-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டசபையின் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் நலனோடு பிணைந்துவிட்ட ஒரு தொழிலில் தன் சொத்தை ஈடுபடுத்துகிறவன், பொதுமக்களின் கட்டுப்பாட்டுக்கும் ஓரளவு இணங்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். நீதிபதி ஃபீல்டு இதற்கு உடன்படவில்லை. கட்டடத்தை ஒருவனிடம் விட்டுவிட்டு அதன் வருவாயை எடுத்துக்கொண்டால், சொத்து என்று அவனிடம் எஞ்சுவது என்ன என்று அவர் வாதித்தார்.

பதின்மூன்று ஆண்டுகளுக்குள் காற்று அவர் பக்கம் திரும்பியது. மினசோட்டா மாநிலத்தில் இரயில் கட்டணங்களை மேற்பார்வை செய்ய ஒரு கமிஷன் இருந்தது. பால் ஏற்றிச் செல்ல ஓர் இரயில்வே காலனுக்கு 3 செண்டு வாங்கியதை அந்தக் கமிஷன் இரண்டரை செண்டாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒரு கட்டணம் நியாயமானதா அல்லவா என்பதை முடிவாகச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உரியது என்றும், நியாயமான கட்டணம் வாங்கும் ஆற்றலைப் பறிப்பது சொத்தைப் பறிப்பதே என்றும் 1890-இல் தீர்ப்பாயிற்று. தண்டவாளத்தில் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. என்ஜின் இருந்த இடத்தில் இருந்தது. ஆனால் சொத்து என்ற சொல்லின் பொருள் மாறிவிட்டது. முன்பு அது கையால் தொடக்கூடிய பண்டத்தைக் குறித்தது. இப்போது வருங்காலத்தில் வரக்கூடிய வருவாயையும் குறிக்கலாயிற்று. இன்றைய முதலாளித்துவத்தின் பங்குச் சந்தையும், வணிகச் சின்னமும், காப்புரிமையும் இப்புதிய பொருளின்மீதே நிற்கின்றன. இம்மாறுதலில் நீதிபதிகளின் பேனாவுக்கும் பெரும்பங்கு இருந்தது என்பதைக் காமன்ஸ் எடுத்துக் காட்டினார்.

சொத்துக்கு நேர்ந்ததே சுதந்திரம் என்ற சொல்லுக்கும் நேர்ந்தது. ரொட்டிக்கடைத் தொழிலாளியை நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் செய்திருந்தது. 1905-இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற வாக்கில், அதனைச் செல்லாதாக்கியது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்று முதலாளியும் தொழிலாளியும் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு குறுக்கிடலாகாது என்பதே காரணம்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ஹேல் 1923-இல் எழுதிய கட்டுரை இத்தகைய வாதத்தின் அடித்தளத்தையே அசைக்கிறது. அவருடைய வாதத்தை இவ்வழக்குக்குப் பொருத்திப் பார்ப்போம். தொழிலாளி ஏன் பதினான்கு மணி நேரம் உழைக்கச் சம்மதிக்கிறான்? சம்மதிக்காவிட்டால் பட்டினி. கண்ணெதிரே ரொட்டி இருக்கிறது. எடுத்துத் தின்றால் காவலர் பிடிப்பார். அந்த ரொட்டி மற்றொருவர் சொத்து என்று காவல் நிற்பது யார்? அரசு. ஆகவே, அரசு குறுக்கிடாத பேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. உடைமையைக் காக்கும்போது அரசின் கை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலை நேரத்தைக் குறைக்கும்போது மட்டும் தெரிகிறது. இது நம் பார்வையின் குறையே அன்றி வேறன்று. 1937-இல், வாஷிங்டன் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, உச்ச நீதிமன்றம் பழைய வழியிலிருந்து விலகியது.

காமன்ஸ் ஏட்டளவில் நின்றவரல்லர். தொழிற்சாலை விபத்தில் காயமுற்றோருக்கு ஈட்டுத்தொகை வழங்க விஸ்கான்ஸின் மாநிலம் 1911-இல் செய்த சட்டத்திலும், அதனை நடத்த எழுந்த தொழிற் கமிஷனிலும் அவர் பங்கு கொண்டார். அச்சட்டத்தின் நுட்பம் எண்ணத் தக்கது. அதற்கு முன்பு, கையிழந்த தொழிலாளி முதலாளியின் குற்றத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். இனி, குற்றம் யாருடையதாயினும் ஈட்டுத்தொகை உண்டு. விபத்து செலவாகிவிட்டபடியால், இயந்திரத்துக்கு வேலி போடுவது ஆதாயமாகிவிட்டது. தொழிற்சாலையை அரசு கையகப்படுத்தவில்லை. தன் போக்கில் விட்டுவிடவும் இல்லை. ஆட்டத்தின் விதியை மாற்றியது. அவருடைய மாணவர்களான எட்வின் விட்டி, ஆர்தர் ஆல்ட்மெயர் ஆகியோர் 1935-ஆம் ஆண்டு அமெரிக்கச் சமூகக் காப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களில் முன்னணியில் நின்றார்கள்.

முதலாளித்துவத்துக்குள் அரசு ஒளிந்திருக்கிறது என்று கண்டோம். சமதர்மத்தின் கதை என்ன? இங்கே ரானல்ட் கோஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் நமக்கு உதவுகிறார். இளமையில் அவர் சமதர்மத்தில் பற்றுக்கொண்டவர். அப்போது ஒரு புதிர் அவரை உறுத்தியது. ருஷ்யாவின் பொருளாதாரம் முழுவதையும் ஒரே தொழிற்சாலையைப் போல நடத்தப் போவதாக லெனின் சொன்னார். அது நடவாத காரியம் என்றனர் மேலைநாட்டுப் பொருளியலாளர் பலர். ஆனால் மேலைநாட்டிலேயே மாபெரும் தொழிற்சாலைகள் இருந்தனவே! அவற்றின் மதிலுக்குள்ளே விலை பேசுவோர் எவரும் இல்லை. மேலாளர் கட்டளை இடுகிறார், வேலை நடக்கிறது. சந்தையே எல்லாவற்றையும் நடத்தும் என்றால் தொழிற்சாலை எதற்கு? தொழிற்சாலையே நடத்தும் என்றால் சந்தை எதற்கு?

1937-இல் அவர் அளித்த விடை இது. சந்தையில் விலை விசாரிக்கவும், பேரம் முடிக்கவும் செலவு உண்டு. கட்டளையால் வேலை வாங்குவதிலும் செலவு உண்டு. எது எங்கே மலிவோ அது அங்கே தழைக்கும். கட்டளையின் எல்லை விரிய விரிய, செய்தி மேலே போவதற்குள் திரிந்துவிடும், தவறு பெருகும். ஆகவே முதலாளித்துவ நாட்டிலும் திட்டமிடுதல் உண்டு. எந்த நாட்டிலும் திட்டமிடுதலுக்கு எல்லை உண்டு. இச்சிந்தனைக்காக 1991-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹங்கேரியில் வாழ்ந்து சமதர்மப் பொருளாதாரத்தை உள்ளிருந்து கண்ட யானோஷ் கோர்னாய் மற்றொரு குறையைச் சுட்டினார். நஷ்டமடைந்த தொழிற்சாலையை அரசு எப்படியும் கைதூக்கிவிடும் என்று தெரிந்தால், எந்த மேலாளர் சிக்கனம் பிடிப்பார்? விதி ஏட்டில் கண்டிப்பாகவும் நடப்பில் நெகிழ்வாகவும் இருந்தது. இந்நோய் சமதர்மத்துக்கு மட்டும் உரியதன்று. கவிழ இருந்த பெரிய வங்கிகளுக்கு அமெரிக்க அரசு 2008-இல் கைகொடுத்ததை நாம் கண்டோம்.

சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தது. 1992 ஜனவரியில் ருஷ்ய அரசு பெரும்பாலான விலைகளின் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஓராண்டில் விலைவாசி இருபது மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பொதுச் சொத்தில் பங்கு என்று குடிமக்களுக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள சீட்டுகள் வழங்கப்பட்டன. 1995-இல் அரசு கடன் வாங்கிப் பெருந்தொழில்களின் பங்குகளை அடகு வைத்தது. அவை ஒரு சிலர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அரசை அகற்றினால் சந்தை தானே முளைக்கும் என்று எண்ணியவர்கள் ஐந்தாவது ஆளை மறந்துவிட்டார்கள். நீதிமன்றம் பலமற்றிருந்த இடத்தில், ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தர அடியாட்கள் வந்து சேர்ந்தார்கள். நீதிபதி இல்லாத பேரத்திலும் ஐந்தாவது ஆள் ஒருவன் உண்டு. அவன் தடியோடு வருவான்.

நம் நாட்டின் கதையும் இதனை ஒட்டியதே. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பு, சொத்தைத் தேடவும் வைத்திருக்கவும் அடிப்படை உரிமை அளித்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டங்கள் இதனோடு மோத, 1951-இல் முதல் திருத்தம் வந்தது. 1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதின்மருக்கு ஒருவர் என்ற வாக்கில், அச்சட்டத்தைச் செல்லாதாக்கியது. ஈட்டுத்தொகையைக் கணக்கிட்டபோது வங்கிகளின் வாணிக நன்மதிப்பு முதலியவை விடுபட்டன என்பது காரணங்களுள் ஒன்று. நன்மதிப்பு கையால் தொடக்கூடியதா? இல்லை. ஆயினும் அது சொத்து. மினசோட்டா இரயில் வழக்கின் எதிரொலி நம் உச்ச நீதிமன்றத்திலும் கேட்டது என்று சொல்லலாம். அவ்வாண்டிலேயே புதுச் சட்டம் செய்து வங்கிகளை அரசு மீண்டும் எடுத்துக்கொண்டது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கிச் சட்டவழி உரிமையாக்கியது. 2024 நவம்பரில் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, தனியார் சொத்து யாவும் சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. முக்கால் நூற்றாண்டாக இந்நாட்டில் சொத்து என்பதன் பொருள் எழுதி, அழித்து, மீண்டும் எழுதப்பட்டு வருகிறது.

இவை பெரியோர் வழக்குகள். நமக்கென்ன என்று ஒதுக்கலாகாது. மாநிலம் விட்டு மாநிலம் சென்று உழைப்போருக்காக 1979-இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். தொழிலாளிக்குப் புகைப்படத்தோடு கூடிய கைப்புத்தகம் தர வேண்டும். ஊர் சென்று வரும் வழிச்செலவும், இடம்பெயர்வுப் படியும் தர வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் 2020 மார்ச்சில் நாடு முழுவதும் முடக்கப்பட்டு, மக்கள் நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்தபோது, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லும் முழுமையான பதிவேடு இல்லை. ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்களின் கணக்கு தன்னிடம் இல்லை என்று அவ்வாண்டு செப்டம்பரில் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. ஏட்டுச் சட்டம் வேறு, நடப்பிலுள்ள விதி வேறு என்று காமன்ஸ் வழிவந்தோர் ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பது அன்று நமக்கு விளங்கியது. அந்தச் சட்டம் பின்னர் 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பொன்றில் அடங்கியது. பெயர் மாறினாலும் கேள்வி மாறவில்லை: பதிவேட்டை எழுதுவது யார்? எழுதாவிட்டால் கேட்பது யார்?

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. முன்பு பங்கீட்டு அட்டை ஒருவரை ஒரே கடையோடு கட்டிப்போட்டது. ஊரை விட்டவர் அரிசியையும் விட்டார். 2019-இல் தொடங்கிய ஒரே நாடு, ஒரே பங்கீட்டு அட்டைத் திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமை பெற்ற குடும்பம் எந்த மாநிலக் கடையிலும் தன் தானியத்தைப் பெறலாம் என்று விதி மாறியது. ஒரு மணி நெல்லும் கூடுதலாக விளையவில்லை. விதி ஒன்று மாறியது. அதனால் மனிதனின் நடமாட்டம் விரிந்தது. கூட்டுச் செயல் தனிமனிதனைக் கட்டுப்படுத்துவதோடு நில்லாமல் அவனை விடுவிக்கவும் வளர்க்கவும் செய்கிறது என்று காமன்ஸ் கருதியது இதனையே.

ஆகவே, சந்தையா அரசா என்ற வாதம் இனி நம் காதில் விழும்போது, வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். இந்தப் பேரத்தின் விதியை எழுதியவர் யார்? அது யாரைக் காக்கிறது? விதி மீறப்பட்டால் எளியவன் சென்று முறையிடக் கதவு ஒன்று திறந்திருக்கிறதா? முதலாளித்துவ நாடாயினும் சமதர்ம நாடாயினும் இம்மூன்றுக்கும் விடை சொல்லியே ஆக வேண்டும்.

புதிதாக வந்து சேர்ந்த நம்மவர் ஒருவர் நாளை ஒரு வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திடுவார். வீட்டுக்காரரும் அவரும் மட்டுமே அறையில் இருப்பதாகத் தோன்றும். பேனாவை எடுக்குமுன் அவர் அப்பத்திரத்தை ஒரு முறை முழுதும் படிக்கட்டும். ஒரு படியைத் தம்மிடம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பிணக்கு நேரும் அன்று, ஐந்தாவது ஆளின் முன்னே அவருக்காகப் பேச வேண்டியது அந்தக் காகிதமே.